முதல் சுற்றில் தோற்றவரைப் பற்றியும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் டென்னிஸ் செய்தி வரும்போது பெரும்பாலும் கடைசியில் ஒரு வரி ஒட்டிக்கொண்டிருக்கும்: 'இந்திய வீரர் முதல் சுற்றில் தோற்று வெளியேறினார்.' அதை மட்டும் படிப்பவருக்கு, ஏதோ ஆடத் தெரியாதவர் போய் அடி வாங்கித் திரும்பினார் என்றுதான் தோன்றும். அந்த இடத்துக்குப் போய்ச் சேர அவர் என்ன பாடு பட்டார் என்பதையும் நீங்கள் எழுத வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நம் சென்னையின் ராம்குமார் ராமநாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூனில் துருக்கியின் அன்டால்யாவில், அப்போது உலகின் 8-ஆம் நிலையில் இருந்த டோமினிக் தீம் என்பவரை நேர் செட்களில் வீழ்த்தினார். ராம்குமார் அன்றைக்குத் தரவரிசையில் 200-க்கும் அப்பால் இருந்தவர். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் நியூபோர்ட்டில், ஆண்கள் டென்னிஸின் மேல்மட்டத் தொடரான ஏடிபி போட்டியில் ஒற்றையர் இறுதி ஆட்டம் வரை போனார். 2011-க்குப் பிறகு ஓர் இந்தியர் அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் முறை. ஸ்டீவ் ஜான்சனிடம் மூன்று செட் போராடித் தோற்றார். அந்த ஆண்டு ஜூலைக் கடைசியில் தரவரிசையில் 111-ஆம் இடம் கிடைத்தது. அதுதான் அவருடைய உச்சம்.

டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம் ஒவ்வொன்றிலும் ஒற்றையரில் 128 பேர் ஆடுகிறார்கள். தரவரிசையை வைத்து நேரடியாக உள்ளே விடுவது 104 பேரை. மிச்ச இடங்கள், போட்டி நடத்துபவர்கள் தரும் சிறப்பு அனுமதியான வைல்டு கார்டு பெற்றவர்களுக்கும், தகுதிச் சுற்றில் அடுத்தடுத்து மூன்று ஆட்டம் ஜெயிப்பவர்களுக்கும்தான். ராம்குமார் இந்தத் தகுதிச் சுற்றை எத்தனையோ முறை முட்டிப் பார்த்தார். 2021-இல் விம்பிள்டன் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில், ஆஸ்திரேலியாவின் மார்க் போல்மன்ஸுக்கு எதிராக ஐந்து செட் ஆடினார். கடைசி செட் 9-11. இரண்டே கேமில் கை நழுவிப் போனது. மனசு விட்டுப்போக வேறென்ன வேண்டும்? ஆனால் அதே ஆண்டு நவம்பரில் பஹ்ரைனின் மனாமாவில் ஏடிபி தொடருக்கு அடுத்த படியான சேலஞ்சர் போட்டிகளில் தன் முதல் ஒற்றையர் பட்டத்தை வென்றார். அதற்கு முன் ஆறு சேலஞ்சர் இறுதி ஆட்டங்களில் தோற்றவர் அவர். என்னைக் கேட்டால் அந்த வாரம் அரைப்பக்கக் கட்டுரைக்கு உரியது.

பணக் கணக்கும் வாசகருக்குத் தெரிய வேண்டும். சேலஞ்சருக்கும் கீழ்ப்படியில் இருப்பவை ஐடிஎஃப் போட்டிகள். 15 ஆயிரம் டாலர் ஐடிஎஃப் போட்டி என்றால் ஏதோ பெரிய தொகை போலத் தெரியும். மொத்த வீரர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த 15 ஆயிரம். பட்டம் வெல்பவருக்கு 2,160 டாலர், முதல் சுற்றில் தோற்பவருக்கு 156 டாலர். அதற்குள் விமான டிக்கெட், அறை வாடகை, சாப்பாடு எல்லாம் அடங்க வேண்டும். கூடவே பயிற்சியாளரையும் பிசியோவையும் அழைத்துப் போவதை நினைத்தே பார்க்க முடியாது. 2024 ஆஸ்திரேலிய ஓபன் பிரதான சுற்றிலோ, முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கே 1,20,000 ஆஸ்திரேலிய டாலர்.

இந்த மாதிரி ஒரு சிறிய போட்டியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பந்து எடுத்துப் போடும் பிள்ளைகள் இல்லை. ஆடுகிறவர்களே ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு வெளிநாட்டுப் பையன் மூன்று செட் ஆடித் தோற்றான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக அலுவலக மேசைக்குப் போய், இரட்டையர் ஆட்டத்துக்கு இன்னும் பெயர் கொடுக்கலாமா என்று கேட்டான். அப்புறம் ஸ்டிரிங் அறுந்த ராக்கெட்டை எடுத்து, அதற்கு ஸ்டிரிங் போட எவ்வளவு ஆகும் என்று விசாரித்தான். விலையைக் கேட்டதும் ராக்கெட்டைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டான்.

சுமித் நாகல் இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் வீரராக இருந்தபோதே, 2023 செப்டம்பரில், தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். நான்கு மாதம் கழித்து ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச் சுற்றைத் தாண்டி, முதல் சுற்றில் 31-ஆம் தரநிலை பெற்ற அலெக்சாண்டர் பப்ளிக்கை வென்றார். பிப்ரவரியில் நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை சேலஞ்சரையும் வென்று முதல் நூறு பேருக்குள் நுழைந்தார். ஜெயித்த பிறகுதான் எல்லோரும் அந்த 900 யூரோவைப் பற்றிப் பேசினோம். ஜெயிக்காமல் இருந்திருந்தால்?

பிரஜ்னேஷ் குணேஸ்வரனும் நம் ஊர்க்காரர்தான். முழங்கால் காயத்தால் இளம் வயதில் பல ஆண்டுகளை இழந்தவர். 2019-இல் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் பிரதான சுற்றில் ஆடினார், நான்கிலும் முதல் சுற்றோடு நின்றார். செய்தியாகப் பார்த்தால் நான்கு தோல்வி. ஆனால் ஒரே ஆண்டில் நான்கிலும் ஒற்றையர் ஆடிய இந்தியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் 2024 நவம்பரில் ஓய்வு பெற்றபோது தமிழில் அதைப் பற்றி விரிவாக ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். திங்கட்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் கால் பத்தி போதும். முந்தைய வாரம் சேலஞ்சரிலும் ஐடிஎஃப் போட்டிகளிலும் தமிழ்நாட்டு ஆண்களும் பெண்களும் எங்கே ஆடினார்கள், யாரிடம் ஜெயித்தார்கள் அல்லது தோற்றார்கள், இப்போது எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று போடுங்கள். நம் ஊரில் போட்டி நடந்தால், யார் எத்தனை மணிக்கு எந்த ஆடுகளத்தில் இறங்குகிறார் என்பதை முந்தின நாளே போடுங்கள். முடிந்த பிறகு வரும் ஸ்கோரைப் படித்துவிட்டு யாரும் போய் உட்கார்ந்து கைதட்ட முடியாது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை