மூட்டில் எண்ணெய் வற்றுவதில்லை

ஆசிரியர் அவர்கட்கு,

முழங்கால் நோவோடு வாழும் முதியவர் இல்லாத வீடு எங்கள் ஊரில் அரிது. அவர்களுக்கு அயலவர் சொல்லும் விளக்கமும் பெரும்பாலும் ஒன்றுதான்: மூட்டில் எண்ணெய் வற்றிவிட்டது, எலும்போடு எலும்பு உரசுகிறது, ஆகவே காலை அசைக்காதே. என் தாயார் இதை நம்பி ஏறக்குறைய ஒரு வருடம் கதிரையிலேயே இருந்து, தொடைத் தசை மெலிந்து, கடைசியில் கிணற்றடிக்குப் போகவும் துணை தேடும் நிலைக்கு வந்தார். உயர்தர மாணவர்களுக்கு உராய்வைக் கற்பித்த எனக்கு அப்போது அதை மறுக்கத் தெரியாமற் போனது இன்றும் மனதை வருத்துகிறது.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் கசியிழையம் சில மில்லிமீற்றர் தடிப்பே உடையது. அதன் நிறையில் 65 முதல் 80 வீதம் வரை நீர். புரதமும் சர்க்கரைச் சங்கிலிகளும் சேர்ந்த, மறையேற்றம் கொண்ட புரோட்டியோகிளைக்கன் மூலக்கூறுகள் அந்த நீரை இழுத்து வைத்திருக்க, கொலாஜன் என்ற புரதத்தின் நார்வலை அவற்றைக் கட்டி நிறுத்துகிறது. அடியெடுத்து வைக்கும் கணத்தில், எளிதில் வெளியேற வழியில்லாத அந்த நீரே அழுத்தமடைந்து சுமையின் பெரும்பங்கைத் தாங்குவதால், திண்மப் பகுதிகள் ஒன்றையொன்று அழுத்தும் விசை மிகச் சிறிதாகி, உராய்வுக் குணகம் (அழுத்தும் விசைக்கு உராய்வு விசை எத்தனை பங்கு என்ற அளவு) 0.01 அளவிலோ அதற்குக் கீழோ நிற்கிறது. ஒரே சுமையை நெடுநேரம் அசையாமல் வைத்திருந்தால் நீர் கசிந்து உராய்வு ஏறுவதையும், சுமையை எடுத்ததும் இழையம் மீண்டும் நீரை உறிஞ்சிக்கொள்வதையும் மக்கச்சன் என்ற ஆய்வாளர் 1959இலேயே எடுத்துக்காட்டினார்.

மூட்டுத்தேய்வில் கெடுவது நீரை இவ்வாறு பிடித்துவைக்கும் திறன்தான். புரோட்டியோகிளைக்கன் குறைந்து நார்வலை தளரும்போது, தொடக்கத்தில் இழையத்தின் நீரளவு சற்றுக் கூடவே செய்கிறது. ஆனால் அந்த நீர் அழுத்தத்தில் நிற்காமல் விரைவாக வெளியேறிவிட, சுமை திண்மப் பகுதியின் மேல் விழுகிறது. வீங்கிய முழங்காலில், எண்ணெய் என்று அயலவர் சொல்லும் மூட்டுத் திரவமும் வழமையைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதில் ஐதாகிப்போவது, திரவத்துக்கு வழவழப்பைத் தரும் ஹயலூரோனிக் அமிலம். இதை வற்றுதல் என்று எப்படிச் சொல்வது? மனித முழங்காற் கசியிழையத்தில் நடந்த சோதனைகளில், தேய்வு நன்கு முற்றும்வரை உராய்வுக் குணகம் பெரிதாக ஏறாததும் காணப்பட்டது. நோய் தொடங்கிய நிலையிலேயே கால் முடிந்துவிட்டதென்று மனமுடையும் எங்கள் அம்மாமார் இதைக் கட்டாயம் அறிய வேண்டும்.

கசியிழையத்துக்குக் குருதிக்குழாய் கிடையாது. மூட்டுத் திரவத்திலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. சுமை ஏறி இறங்கும் அசைவு அதற்குத் துணை. எனவே அசையாமல் இருப்பது அதற்குக் காவலாகாது. உடல் நிறையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்பதையும் நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்பவர்கள் குறைவு.

இயன்மருத்துவர் ஒருவர் காட்டிக்கொடுத்தபடி என் தாயார் இப்போது கதிரையில் இருந்தவாறே காலை நீட்டி மடக்குகிறார். வெயில் ஏறமுன் ஒழுங்கை முனைவரை நடந்து வருகிறார். நோவு முற்றாக நீங்கவில்லை. தொடைத் தசையை வலுப்படுத்தும் இத்தகைய பயிற்சிகளை, தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு படங்களுடன் தங்கள் வாரப் பதிப்பில் எழுதுவித்தால், வைத்தியசாலைக் கிளினிக்குக்கு நாள் பார்த்திருக்கும் முதியவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
கோண்டாவில்.