ட்ரோன் கூட்டம் வாங்குமுன் மூன்றைத் திரும்ப அழைத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2022 ஜனவரியில் டெல்லி விஜய் சவுக்கில் ஆயிரம் ட்ரோன்கள் வானில் படம் வரைந்தன. இதையே வெள்ளத்துக்கும் நிலச்சரிவுக்கும் அனுப்பலாமே என்ற பேச்சு, 2024-ல் வயநாடு சரிந்த பிறகு இன்னும் கூடியிருக்கிறது. அனுப்பலாம்தான். ஆனால் ஒளிக்காட்சி ட்ரோன், முன்பே ஏற்றிவைத்த பாதையில் போவது; பக்கத்து ட்ரோன் விழுந்தாலும் அதற்குத் தெரியாது. ஜிபிஎஸ் பிழையைச் சரிசெய்யும் ஆர்டிகே என்ற தரை நிலையம் திருத்தம் அனுப்பும்வரை இடப்பிழை இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். அது அறுந்தால் பிழை மீட்டர் கணக்குக்குப் போய்விடும். நெருக்கமாகப் பறக்கும் கூட்டத்தில் அது மோதலில் முடியலாம்.

பேரிடர்ப் பணிக்கு வாங்குகிறவர்கள் டெண்டரிலேயே ஒரு சோதனையை எழுத வேண்டும். பத்து ட்ரோன்கள் தேடிக்கொண்டிருக்கும்போது மூன்றைத் திரும்ப அழைத்துவிடுங்கள். அவை விட்ட பரப்பை மற்ற ஏழும் தாமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அடுத்து தரைக் கணினியை அணையுங்கள். பிறகு மென்பொருள் வழியே ஜிபிஎஸ்ஸை நிறுத்தி, கூட்டம் என்ன செய்கிறது என்று பாருங்கள். அலைகளைத் தடுக்கும் ஜாமர் வேண்டாம், அனுமதியில்லாமல் அது சட்டவிரோதம். செல்போன் கோபுரத்தை நம்பும் கூட்டத்தை வாங்கவே கூடாது. வெள்ளத்தில் மின்சாரம் போனால், பேட்டரி தீர்ந்ததும் கோபுரமும் படுத்துவிடும்.

இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் கேட்பதில்லை. எல்லா ட்ரோன்களுக்கும் திரும்பும் உயரம் 30 மீட்டர் என்றே இருந்தால், பத்தும் ஒரே நேரத்தில் ஒரே உயரத்தில் ஒரே இடத்துக்கு வந்து முட்டிக்கொள்ளும். முதலாவதற்கு 40, அடுத்ததற்கு 45 என்று ஐந்தைந்து மீட்டராக ஏற்றினால் பத்தாவது 85 மீட்டரில் வரும். முன்அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தின் 120 மீட்டர் வரம்புக்குள் அது அடங்கும். இறங்கும் இடத்தையும் தனித்தனியாகக் குறித்து, ஒன்று இறங்கிய பிறகே அடுத்தது என்று வைக்க வேண்டும்.

மலையில் காற்றுக் கணக்கு முக்கியம். நொடிக்கு 10 மீட்டர் வேகமுள்ள ட்ரோன், 7 மீட்டர் காற்றோடு போனால் ஒரு கிலோமீட்டரை ஒரு நிமிடத்தில் தொடும். அதே காற்றை எதிர்த்துத் திரும்ப ஐந்தரை நிமிடம் ஆகும். பேட்டரி பாதியானதும் திரும்பினால் போதும் என்ற வழக்கம் அங்கே ட்ரோனைப் பள்ளத்தில் தள்ளிவிடும். ஊட்டிக் குளிரில் லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தமும் சட்டென்று சரியும். கதகதப்பாக வைத்திருந்து, பறக்கும் நேரத்தில்தான் மாட்ட வேண்டும். ட்ரோன்கள் செய்தி அனுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை ஈர இலைகள் விழுங்கிவிடும். ஒன்றிரண்டு ட்ரோன்களை மரங்களுக்கு மேலே நிறுத்தி, செய்தி கடத்துவதற்கென்றே ஒதுக்குவது நல்லது.

வெள்ள நீரின் மேல் சிக்கல் வேறு. ட்ரோனின் நகர்வை அறியத் தரையைப் பார்க்கும் கேமரா, ஓடும் நீரைத் தன் நகர்வு என்று எண்ணி ட்ரோனை நீரோட்டத்தோடு இழுத்துப்போகும். நீர்ப்பரப்பில் அந்தக் கேமராவை அணைத்துவிட வேண்டும். கடலோரமானால், பறந்து வந்ததும் மோட்டாரிலும் இணைப்பு முனைகளிலும் படிந்த உப்பை ஈரத் துணியால் துடைக்காவிட்டால் துரு ஏறும்.

வெப்பக் கேமரா நீருக்கடியில் பார்க்காது; அடர்ந்த இலைக்கும் தார்ப்பாய்க்கும் அடியிலும் பார்க்காது. நண்பகலில் பாறையும் உடல் சூட்டுக்கு வந்துவிடுவதால் மனிதரைப் பிரித்தறிவது கடினம். தேடுதலை விடியலுக்கு முன் தொடங்குங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். அதற்குள் இந்தச் சோதனையை ஒரு மலைச்சரிவிலும் ஒரு கடலோரத்திலும் நடத்திப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ட்ரோன் பயிற்றுநர்கள் சிலர்,
கோவை