உயில் கோர்ட்டில், தம்பி மாடியில்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயிலுக்கான புரோபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) மனு உயர் நீதிமன்றத்தில் கிடக்க, பெற்றோர் வீட்டில் ஒரு தம்பியோ மச்சானோ குடியிருப்பது மாம்பலத்திலும் பெரம்பூரிலும் சகஜம். மற்ற வாரிசுகள் முதலில் செய்வது பூட்டை மாற்றுவது, ஃபியூஸைப் பிடுங்குவது. இதைவிட அசட்டுத்தனம் இல்லை. அப்படி வெளியேற்றப்பட்டவர் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 6ஆம் பிரிவின்படி 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால், வீடு யாருடையது என்று பார்க்காமலே கோர்ட் அவரைத் திரும்பக் குடியேற்றும்.

உயிலில் எக்ஸிகியூட்டராக, அதாவது உயிலை நிறைவேற்றுபவராகக் குறிப்பிடப்பட்டவர் ஒரு கடிதம் எழுதி, குடியிருப்பவரிடம் கையெழுத்து வாங்கட்டும். எந்தெந்த அறை, இது அனுமதி மட்டுமே, உள்வாடகை கூடாது, இடித்துக் கட்டக் கூடாது, புரோபேட் கிடைத்து 60 நாளில் காலி. கூடவே, 'இதனால் உயிலை எதிர்க்கும் உரிமை போகாது' என்ற வரியும் வேண்டும். அது இல்லாவிட்டால் விவரம் தெரிந்தவர் யாரும் கையெழுத்துப் போடமாட்டார். பணம் வாங்கினால் ரசீதில் 'வாடகை' என்று எழுதாதீர்கள், பிறகு வாடகைதாரர் என்று வாதாடுவார். 12 வருஷம் இருந்தால் வீடு அவருக்கே என்ற பயத்துக்கும் இந்தக் கடிதமே மருந்து. அனுமதியோடு இருப்பவர் எதிரிடை அனுபவம் (உரிமையாளர் அனுமதியின்றி நீண்ட நாள் அனுபவித்ததால் வரும் உரிமை) கோர முடியாது.

ஈ.பி. பில் குடியிருப்பவர் பொறுப்பு. சொத்து வரியை எஸ்டேட் (இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து) கணக்கிலிருந்து எக்ஸிகியூட்டர் கட்டுவதே நல்லது; ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் மாநகராட்சி 5 சதவீதம் தள்ளுபடி தருகிறது. பீரோவை இரு தரப்பும் நிற்கும்போதே திறந்து, வீடியோ எடுத்து, நகை, பாத்திரம், வங்கிப் புத்தகம் என்று பட்டியல் போட்டுக் கையெழுத்திடுங்கள். தாய்ப் பத்திரம் அன்றைக்கே லாக்கருக்குப் போகட்டும். புரோபேட் கிடைத்த 6 மாதத்தில் சொத்துப் பட்டியலும் ஒரு வருஷத்தில் கணக்கும் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். அப்போது துண்டு ரசீதும் உதவும்.

குடியிருப்பவர் கணவரை இழந்த மருமகள் என்றால் விஷயம் வேறு. 2005ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி அவர் வசிப்புரிமை கோரலாம். வக்கீலைக் கேட்காமல் நோட்டீஸ்கூட அனுப்பாதீர்கள்.

உறவினர் கேவியட் (தன்னைக் கேட்காமல் புரோபேட் தரக் கூடாது என்ற மனு) போட்டு ஆட்சேபித்தால் புரோபேட் மனு டி.ஓ.எஸ். எனப்படும் உயில் வழக்காக மாறி வருஷக்கணக்கில் இழுக்கும். அதற்குள் குடியிருப்பவர் வீட்டை உள்வாடகைக்கு விடுகிறார், கதவு ஜன்னலைக் கழற்றி விற்கிறார் என்றால், இந்திய வாரிசுரிமைச் சட்டம் 247ஆம் பிரிவின்படி இடைக்கால நிர்வாகி கேட்டு மனுச் செய்யலாம். பங்கு பிரித்துக் கொடுப்பது தவிர மற்ற நிர்வாக அதிகாரமெல்லாம் கோர்ட்டின் மேற்பார்வையில் அவருக்கு உண்டு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை.