பயணிகளின் கனிவான கவனத்திற்கு

அன்பு மகள் வள்ளிக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். நீ கொடுத்தனுப்பிய மாத்திரைகளை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

நான் கிளம்பும்போது முகில் என் செருப்பில் ஒன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வாசலை மறித்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றானே, மாப்பிள்ளை சிரித்துவிட்டார். நீ "ஆச்சிக்கு டாட்டா சொல்லுடா" என்று அதட்டினாய். தாம்பரம் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. சித்திரையில் நெல்லை சந்திப்பில் என் இடுப்பிலிருந்து அவனைப் பிரித்து நீ வண்டியில் ஏற்றியபோது ஒலித்தது இந்த அறிவிப்புதான். ஆச்சியைப் போகாதே என்றிருக்கிறான், பிள்ளை.

நீ பால், பூ, காக்கா என்று ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பேசக் கற்றாய். உன் அண்ணன் கீரைக்காரியின் கூவலை ராகம் பிசகாமல் முழுசாகப் பாடுவான். ஒரு சொல்லும் பிரியாது. 'பிஸ்கட்' என்று சொன்னால்தான் தருவேன் என்று ஒருநாள் கையை உயர்த்திப் பிடித்திருந்தேன். அவன் அழக்கூட இல்லை, கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

பிள்ளைகள் இப்படி இரு வழியாகவும் மொழிக்குள் வருவதை ஆன் பீட்டர்ஸ் என்ற மொழியியலாளர் 1977-இலேயே எழுதியிருக்கிறார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் கேட்டதைத் திருப்பிச் சொல்வதிலும் கேட்பது, மறுப்பது, தன்னைத் தேற்றிக்கொள்வது என்று நோக்கம் இருப்பதாக பாரி பிரிசான்ட் 1980-களில் காட்டினார். முகிலுக்கு ஆட்டிசமா இல்லையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். செவித்திறன் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதே. இணையத்தில் படிப்படியாகப் பேசவைப்போம் என்று விற்கிறார்களே, அந்தப் பயிற்சிக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். அதற்கு ஆதாரம் போதாது.

தாகம் எடுத்தால் "தம்பிக்குத் தண்ணீர் வேண்டுமா?" என்கிறான். நாம் கேட்பதை அப்படியே பிடித்திருக்கிறான். கடைசியில் வரும் 'ஆ' அவனுக்குக் கேள்வியே இல்லை. "கேள்வி கேட்காதே, பதில் சொல்" என்று திருத்தாதே. டம்ளரை நீட்டும்போது அவன் சொல்ல வேண்டியதை நீயே சொல்: "தண்ணீர் வேண்டும்." மோர் கொடுக்கும்போது "மோர் வேண்டும்." 'வேண்டும்' என்பது தனியாகக் கழன்று வர நாளாகலாம். அதுவரை அந்தப் படஅட்டைகளை அலமாரியில் வை. "இது என்ன, இது என்ன" என்று நீ கேட்கும்போது குழந்தை உன் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

புதிதாக ஏதாவது சொன்னால் எங்கே கேட்டான், அப்போது என்ன நடந்தது என்று நாட்குறிப்பில் எழுதிவை.

அடுத்த மாதம் நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறேன். எழும்பூருக்கு அவனையும் அழைத்து வா. அதே அறிவிப்பு ஒலிக்கும்போது ஆச்சி வண்டியிலிருந்து இறங்குவதையும் அவன் பார்க்கட்டும்.

அன்புடன்,
அம்மா