நம் குளத்துக் கரை, மறுகால் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் குளத்தின் உடைப்பை அடைத்து, மறுகாலை (குளம் நிறைந்தபின் மிகுதி நீர் வழிந்து வெளியேறும் கட்டுமானத்தை) நீட்டிக் கட்டி, மறுகால் ஓடையைத் தூர்வாரும் வேலை முடிந்துவிட்டது. ஏக்கர் வரி கட்டியவர்கள், சம்பளம் வாங்காமல் மண் சுமந்தவர்கள், சென்னையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பணம் அனுப்பியவர்கள் என எல்லோருக்கும் என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்று சொல்லக் குழு கடமைப்பட்டிருக்கிறது. வரவு செலவுக் கணக்கை ரசீது நகல்களுடன் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். அதனால் இங்கே வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் தூத்துக்குடி மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாள் பதிவு 95 சென்டிமீட்டர். ஓர் ஆண்டு முழுக்கப் பெய்ய வேண்டிய மழையைவிட அது அதிகம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே ஒரு கோடி லிட்டர் தண்ணீர். அரை மீட்டர் பெய்தால் 50 கோடி லிட்டர். நம் குளத்துக்கு நீர் வரும் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டரைவிடப் பெரியது. அதோடு மேலக்குளமும் உடைந்து, அந்தத் தண்ணீரும் சேர்ந்து இறங்கியது. இரவோடு இரவாக நீர் கரைமேல் ஏறி வழிந்தது. விடியும்போது மறுகாலுக்குக் கிழக்கே கரை பிளந்து, வாழைத் தோட்டங்களும் கீழத்தெருவும் வெள்ளத்தில் நின்றன.

வேலை தொடங்குமுன் நடந்த கூட்டத்தில் பெரும்பாலான அண்ணாச்சிமார் கேட்டது ஒன்றுதான்: “கரையை ஒரு ஆள் உயரம் தூக்கிக் கட்டிவிடலாமே?” கேள்வி நியாயமானது. ஆனாலும் குழு அதை ஏற்கவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் உங்கள் பணத்தில் பெரும்பகுதி கரையை உயர்த்தப் போகவில்லை, மறுகாலுக்குத்தான் போயிருக்கிறது.

மண்கரை தன்மேல் தண்ணீர் வழிவதைத் தாங்காது. கல்லால் கட்டிய அணை தாங்கும், கான்கிரீட் தாங்கும். மண்ணோ வெளிச்சரிவில் நீர் இறங்க ஆரம்பித்ததும் அரிக்கத் தொடங்கிவிடும். அரிப்பு மேல்நோக்கி ஏறிவந்து கரையின் முகட்டைத் தின்றுவிட்டால் உடைப்புதான். ஆகவே தண்ணீர் ஒருபோதும் கரைமேல் ஏறாதபடி அதற்கு அகலமான வழி விட்டாக வேண்டும். வெறுமனே கரையை உயர்த்தினால் குளத்தில் இன்னும் அதிக நீர் தேங்கும். அப்புறம் உடைந்தால் கீழே வரும் வெள்ளமும் அந்த அளவுக்குப் பெரிதாக இருக்கும். செலவும் யோசிக்க வேண்டியது. இரு பக்கமும் 2-க்கு 1 சரிவு (இரண்டு அடி அகலத்துக்கு ஒரு அடி உயரம்) வைத்தால், கரை ஒரு அடி உயர அடியகலம் நான்கு அடி கூட வேண்டும். வெளிப்புறத்தில் அதற்கான நிலம் நம்மிடம் இல்லை. அகலம் கூட்டாமல் உயரம் மட்டும் கூட்டினால் கரை செங்குத்தாகிச் சரிந்துவிடும்.

எனவே மறுகாலின் நீளத்தை இரு மடங்காக்கினோம். நீளம் இரட்டிப்பானால், முன்பு ஒன்றரை அடி உயரத்தில் வழிந்த அதே வெள்ளம் இப்போது ஒரு அடிக்கும் குறைவான உயரத்தில் வெளியேறிவிடும். மறுகாலின் மட்டத்தை ஒரு அங்குலம்கூடக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒன்றியப் பதிவேட்டில் உள்ள முழு நீர்மட்டம் எதுவோ அதுவேதான். இந்தக் குளத்து நீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டுக்காரர்களுக்குத் தேங்கும் நீர் குறையாது. மறுகாலைத் தாண்டி விழும் நீர் அடியைத் தோண்டாமல் இருக்கக் கற்பாவிய தளமும், தளத்தின் முடிவில் ஆழமான தடுப்புச் சுவரும் கட்டியிருக்கிறோம். இந்தச் சுவர் மண்ணுக்குள் இருப்பதால் யார் கண்ணிலும் படாது. ஆனால் மறுகாலின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

உடைப்பை அடைத்த முறையையும் சொல்ல வேண்டும். வெள்ளத்துக்குப் பின் அவசரமாகப் போட்ட மணல்மூட்டைகள் முழுவதையும் எடுத்துவிட்டோம். மூட்டை மக்கினால் அந்த இடம் பொந்தாகிவிடும். பழைய கரையின் இரு முனைகளையும் படிப்படியாக வெட்டி, அந்தப் படிகளில் புது மண் உட்காரும்படி சேர்த்தோம். நேராக வெட்டி மண்ணைக் கொட்டினால் பழையதற்கும் புதியதற்கும் நடுவே ஒரு கோடு நிற்கும், நீர் அந்தக் கோட்டைத் தேடிப் பிடிக்கும். நம் பக்கத்துச் செம்மண்ணில் மணல் அதிகம், தனியாக நீரைத் தடுக்காது. அதனால் முறையான அனுமதியோடு குளத்துக்குள்ளிருந்து எடுத்த கரம்பை மண்ணை (களிப்பான வண்டலை) நடுவிலும், செம்மண்ணை இரு பக்கமும் வைத்தோம். ஒவ்வோர் அடுக்கையும் முக்கால் அடிக்கு மேல் போகாமல் பரப்பி, நீர் தெளித்து, ரோலர் ஓட்டிய பிறகே அடுத்த அடுக்கு. மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் கையில் ஈரம் ஒட்டக் கூடாது என்ற பதத்தை வேலை முடியும்வரை விடவில்லை. இதனால் வேலை இழுத்தது உண்மைதான். ஒரே மூச்சில் கொட்டி முடித்திருந்தால் இந்நேரம் கரையில் வெடிப்பு கண்டிருக்கும்.

கரையில் இருந்த சீமைக்கருவேலத்தை வெட்டியதோடு நிற்கவில்லை. வேரையும் தோண்டி எடுத்து, குழியைக் களிமண்ணால் இடித்து நிரப்பினோம். வெட்டிய மரத்தின் வேர் உள்ளே மக்கினால் கரைக்குள் ஒரு குழாயே உருவாகிவிடும். எலி வளை, கறையான் புற்று எல்லாவற்றையும் இதேபோல் திறந்து அடைத்திருக்கிறோம். கரையடிக்கு வெளியே நிற்கும் பனைகளைத் தொடவில்லை. சரிவில் அருகம்புல் பதித்திருக்கிறோம், அது பிடிக்கும்வரை தயவுசெய்து ஆடு மாடு விடாதீர்கள்.

மடைகளில் பழைய திருகும் பலகையும் மாற்றப்பட்டன. மடைச்சுவரும் மண்ணும் சேரும் இடம்தான் மண்கரையில் முதலில் கசியும் இடம் என்பதால், சுவரைச் சுற்றிக் களிமண் பிசைந்து இடித்திருக்கிறோம். கரையின் வெளியடியில் மணல், சரளை, கல் என்ற வரிசையில் வடிகால் அமைத்தோம். அதில் கொஞ்சம் தெளிந்த நீர் கசிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதற்காகத்தான் அது இருக்கிறது. கலங்கிய நீர் வந்தால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கரைக்குள் மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். அப்போது வெளிப்பக்கம் களிமண்ணை வைத்து அடைக்க முயல வேண்டாம், நீர் வேறு வழி தேடிக்கொள்ளும். கசியும் இடத்தின்மேல் முதலில் மணல், பிறகு சரளை, அதன்மேல் கல் என்று போட வேண்டும். நீர் வெளியேறும், மண் தங்கிவிடும். இதற்கான மணலும் சரளையும் கரையின் மேற்கு முனையில் குவித்து வைக்கப்பட்டுள்ளன. வீட்டு வேலைக்கு யாரும் அதை எடுக்கக் கூடாது.

மறுகால் ஓடையைத் தூர்வாருவதுதான் மனிதர்களோடு பேசிப் பேசி முடிக்க வேண்டியிருந்த வேலை. ஓடைக்குள் வாழை வைத்திருந்தவர்கள் தார் வெட்டும்வரை அவகாசம் கேட்டார்கள், கொடுத்தோம். பிறகு நில அளவை வரைபடப்படி கல் நட்டதும், அவர்களே மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். அவர்களுக்குக் குழுவின் மனமார்ந்த நன்றி.

இவ்வளவு செய்தும் இந்தக் குளம் எந்த வெள்ளத்தையும் தடுத்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஐப்பசியில் குளம் காலியாக இருக்கும்போது வரும் வெள்ளத்தில் பெரும்பகுதியை அது வாங்கிக்கொள்ளும். மார்கழியில் நிறைந்து நிற்கும்போது வெள்ளத்தின் உச்சத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, சில மணி நேரம் தள்ளிப்போட மட்டுமே முடியும். கீழத்தெருவில் முதியவர்களையும் மாடுகளையும் மேட்டுக்குக் கொண்டுபோக அந்த நேரம் போதும். இதனால்தான் சிவப்பு எச்சரிக்கை வந்தவுடன் மடைகளைத் திறந்து மட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பில் ஒரு அடி குறைந்தால் 30 லட்சம் லிட்டருக்கு இடம் கிடைக்கிறது. பிசானப் பயிருக்கு (மழைக்காலத்தில் நடும் நெல்லுக்கு) சேர்த்த நீரை விடுவது மனதுக்குக் கஷ்டம் என்று எங்களுக்கும் தெரியும், நாங்களும் விவசாயிகள்தான். ஆனால் மடையை மெல்லத்தான் திறக்க வேண்டும். நீரைச் சட்டென்று இறக்கினால் ஊறிப்போன உள்சரிவு வழுக்கி விழும்.

மறுகால் மேல் மணல்மூட்டை அடுக்கவோ பலகை வைக்கவோ இனி யாருக்கும் அனுமதி இல்லை. குழு உறுப்பினருக்கும் இல்லை.

மீதி இருக்கும் ஒரே பெரிய வேலை, மறுகால் ஓடை சாலையைக் கடக்கும் இடத்தில் உள்ள குழாய்ப் பாலம். நீட்டிக் கட்டிய மறுகாலுக்கு அந்தக் குழாய்கள் போதாது. வெள்ளம் அங்கே முட்டி, சாலைக்கு மேற்கே உள்ள வயல்களில் ஏறும். பெட்டிப் பாலமாக மாற்றித் தரும்படி மனு கொடுத்திருக்கிறோம். அது நடக்கும்வரை மழைக்கு முன்னும் மழையின்போதும் குழாய் வாயில் சேரும் குப்பையையும் முள்ளையும் தெருவாரியாக முறை வைத்து அகற்ற வேண்டும். முறைப் பட்டியலைக் கணக்குக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறோம். மடைத் திருகின் சாவி ஒன்று மடை பார்ப்பவரிடமும் இன்னொன்று ஊராட்சி அலுவலகத்திலும் இருக்கும்.

இப்படிக்கு,
குளத்துத் திருப்பணிக் குழு