முருகேசனுக்கு ஒரு வயிற்றுக் கடிதம்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள முருகேசா,

உன் குட்மார்னிங் படங்களுக்குப் பதில் போடாததற்கு வழக்கமான சாக்குதான்: ஆபீஸ். வீட்டில் எல்லோரும் நலம். பெரியவள் இப்போது கன்னடத்தில்தான் சண்டை போடுகிறாள். மலரும் பிள்ளைகளும் சுகம்தானே? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இருக்கிறதாம். எண்டோஸ்கோபியில் துளி சதை கிள்ளி எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். அந்தக் குழாயை விழுங்கியதற்கே எனக்கு ஒரு விருது தர வேண்டும், பில்லைப் பார்த்ததற்கு இன்னொன்று. இப்போது 14 நாள் கோர்ஸ்: இரண்டு ஆன்டிபயாடிக், அமிலத்தைக் குறைக்க ஒன்று, கூடவே பிஸ்மத். வாயில் எந்நேரமும் இரும்புக் கசப்பு.

இது பெரும்பாலும் சின்ன வயதிலேயே வந்து ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. அப்படியென்றால் நம் ஹாஸ்டல் காலத்திலும் கூடவே இருந்திருக்கிறது! என் உடம்பு அதுவரை என்ன செய்துகொண்டிருந்தது? மாடிவீட்டுப் பெண் டாட்டா இன்ஸ்டிடியூட்டில் நோய் எதிர்ப்பு பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறாள். பிடித்துக்கொண்டேன்.

கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, சுற்றியுள்ள அமிலத்தை அடக்கிவிட்டு, இரைப்பையின் சளிப்படலத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். அது பாதிக் கதை. உடம்பு சண்டைக்கு ஆள் அனுப்பத்தான் செய்கிறது. ஆனால் சண்டையை அடக்கவும் ஆள் அனுப்புகிறது. அவையும் ஒரு வகை வெள்ளை அணுக்கள்தான். ரெகுலேட்டரி டி செல் என்று பெயர், செல்லமாக 'டிரெக்'. மெஸ்ஸில் அடிதடி என்றால் செல்வம் அண்ணன் நடுவில் புகுந்து "விடுங்கடா, விடுங்கடா" என்பாரே, அதே வேலை. ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா போன்ற புரதங்களைச் சுரந்து மற்ற செல்களின் வேகத்தைக் குறைக்கின்றன. செல்வம் அண்ணன் வந்தால் தப்பிப்பவன் யார்? ஆரம்பித்து வைத்தவன். நீ மூன்று வருஷம் அடி வாங்காமல் ஓட்டியதே அப்படித்தான்.

எலிகளில் இந்தச் செல்களை நீக்கிப் பார்த்திருக்கிறார்கள். கிருமி குறைந்தது, ஆனால் அழற்சி ஏறிவிட்டது. சிலி நாட்டில் இதே கிருமி உள்ள குழந்தைகளையும் பெரியவர்களையும் ஒப்பிட்டபோது, குழந்தைகளின் இரைப்பையில் டிரெக் அதிகம், அழற்சி குறைவு. 1995இல் ஷிமோன் சகாகுச்சி இந்தச் செல்களைப் பற்றிச் சொன்னபோது நம்பியவர்கள் கொஞ்சம்தான். 2025இல் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல்லோடு சேர்த்து நோபல் கொடுத்துவிட்டார்கள். கிருமியின் பங்குக்கு 2005லேயே ஒரு நோபல். அதை வாங்கியவர்களில் ஒருவரான பாரி மார்ஷல், 1984இல் இந்தக் கிருமியைக் கரைத்துக் குடித்து, தன் வயிற்றையே கெடுத்துக்கொண்டு பார்த்தவர். நீயாக இருந்தால் தொட்டுக்கொள்ள ஊறுகாய் கேட்டிருப்பாய்.

விளையாட்டு போதும். டிரெக் அடக்கினாலும் அழற்சி முழுக்க நிற்பதில்லை. வருஷக்கணக்கில் கனன்று, சிலருக்கு இரைப்பையின் உட்சுவர் மெலிந்து, அதிலும் சிலருக்குப் புற்றுநோயாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994லேயே இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. கட்டி வந்த பிறகு இதே டிரெக் அங்கேயும் போய் "விடுங்கடா" என்று அதைக் காப்பாற்றுமாம். இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை, அதுவும் உண்மைதான். ஆனால் உன் அப்பாவுக்கு வந்தது இரைப்பையில்தான், முருகேசா. பெற்றோருக்கு அது வந்திருந்தால் பிள்ளைகள் இந்தக் கிருமியைத் தேடிப் பார்த்து, இருந்தால் ஒழித்துவிட வேண்டும் என்கிறார்கள். நீயோ "கேஸ்டா" என்று சொல்லிக்கொண்டு தினம் காலையில் அமிலத்தைக் குறைக்கும் பான்-40 மாத்திரையை விழுங்குகிறாய்.

வலியே இல்லை என்று மட்டும் ஆரம்பிக்காதே. செல்வம் அண்ணன் டூட்டியில் இருந்தாலும் வலி இருக்காது.

ஊதிப் பார்க்கும் மூச்சு டெஸ்ட் போதுமா, குழாயே விழுங்க வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும். பான்-40 போடுவதை அவரிடம் மறக்காமல் சொல். அதைப் போட்டுக்கொண்டே டெஸ்டுக்குப் போனால் கிருமி இருந்தும் இல்லையென்று வரலாம், அதனால் இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

உனக்கு மட்டும் எழுதினால் இது சட்டைப் பையோடு துவைக்கப் போய்விடும் என்று தெரியும். மலருக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன்.

உன்,
சேகர்