செயலாளரின் ஆண்டறிக்கை: மின்காப்புப் பரப்பில் கரித்தடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழுக் கூட்டங்கள் விதிப்படி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டு ஆய்வு வட்டம் எடுத்துக்கொண்டது பாலிமர் மின்காப்புகளில் வரும் டிராக்கிங், அதாவது மின்காப்பின் பரப்பில் கசியும் மின்சாரம் கரித்தடம் பதிப்பது. மீதி அறிக்கை அதைப் பற்றியதே.

"மெகரில் நன்றாகத்தானே காட்டியது, பிறகு எப்படிக் கருகியது?" என்ற கேள்வி பலமுறை எழுந்தது. காய்ந்த பரப்பை மெகர் என்ற காப்புத்தடை அளக்கும் கருவி அளந்தால் அது காய்ந்த பரப்பின் கதை மட்டுமே. உப்பும் தூசியும் படிந்த இடம் ஈரமானதும் சில மில்லி ஆம்பியர் கசியத் தொடங்கும். அந்தச் சூட்டில் ஈரப்படலம் ஒரே சீராக உலராது. மின்னோட்டம் நெருக்கமாகப் பாயும் இடம் முதலில் காய்ந்து குறுகிய பட்டையாகிவிடும். மின்னழுத்தத்தின் பெரும்பகுதி அப்பட்டையின் மேல் விழ, பொறி தாவும். பொறி பட்ட இடத்தில் பாலிமர் சிதைந்து கரியாகும். ஈரம் போனாலும் கரி போகாது. அடுத்த ஈரத்தில் பொறி அந்தக் கரியின் நுனியிலிருந்தே கிளம்பும். இந்தக் கட்டத்தில் மிகை மின்னோட்டத்துக்கு விழும் எம்.சி.பி. சுவிட்ச் விழாது. கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.கூட கசிவு எர்த்துக்குப் போனால்தான் விழும். பேஸ், நியூட்ரல் இரண்டுக்கும் நடுவே ஓடும் கசிவு அதன் கண்ணில் படாது.

எந்தப் பிளாஸ்டிக் என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. பேக்லைட் போன்ற பீனாலிக் வகைகளில் உள்ள பென்சீன் வளையங்கள் எளிதில் கரியாகும். மெலமைன் இதில் எவ்வளவோ மேல். சிலிகான் ரப்பர் எரிந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் சிலிக்கா. அது மின்சாரம் கடத்தாது. வெளிப்புற இன்சுலேட்டர் ரப்பரில் அலுமினா டிரைஹைட்ரேட் சேர்ப்பதும் காரணத்தோடுதான்: சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் தன் எடையில் ஏறத்தாழ 35 சதவீதத்தை நீராவியாக விட்டுப் பரப்பைக் குளிர்விக்கும். தீப்பற்றாத தரம் என்றால் டிராக்கிங்கும் ஆகாது என்று நினைப்பது தவறு. ஹாலஜன் கலந்த தீத்தடுப்பான்கள் பல வேளைகளில் டிராக்கிங் எதிர்ப்பைக் குறைத்துவிடும்.

பொருள்களின் டிராக்கிங் எதிர்ப்பை ஒப்பிட்டுப் பார்க்க ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வகுத்த 60112 முறை பின்பற்றப்பட்டது. குறைந்தது 3 மி.மீ. தடிமன் உள்ள மாதிரி, 4 மி.மீ. இடைவெளியில் இரண்டு பிளாட்டினம் மின்முனைகள், ஒவ்வொன்றும் 1 நியூட்டன் விசையில் அழுந்த வேண்டும். 0.1 சதவீத அமோனியம் குளோரைடு கரைசல் 30 விநாடிக்கு ஒரு துளி. மின்னோட்டம் 0.5 ஆம்பியருக்கு மேல் 2 விநாடி நீடித்தால் தோல்வி. தீ நின்று எரிந்தாலும் தோல்விதான். ஐந்து மாதிரிகளும் 50 துளி தாங்கும் உச்ச மின்னழுத்தத்தை வைத்தே சி.டி.ஐ. (ஒப்பீட்டு டிராக்கிங் குறியீடு) முடிவாகிறது, அளவுகோல் 600 வோல்ட்டோடு நிற்கிறது. முடிவு ஆளுக்கு ஆள் மாறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியவை மழுங்கிய மின்முனை விளிம்பு, துளியின் அளவு, மாதிரியில் பட்ட விரல் பிசுக்கு. புகை நச்சு; உறிஞ்சு விசிறி இல்லாமல் யாரும் இதைச் செய்யக்கூடாது.

சி.டி.ஐ. தெரிந்தால் கிரீப்பேஜ் தூரம், அதாவது இரு கடத்திகளுக்கு நடுவே மின்காப்பின் பரப்பு வழியே இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தூரம், முடிவாகும். 250 வோல்ட், மாசுநிலை (சுற்றுப்புறத் தூசியும் ஈரமும் எவ்வளவு என்ற தரம்) 2 என்றால் சி.டி.ஐ. 600-ஐ எட்டிய முதல் பிரிவுக்கு 1.25 மி.மீ. போதும், 400 முதல் 600-க்குள் 1.8, அதற்குக் கீழே 2.5. மாசுநிலை 3-இல் இவையே 3.2, 3.6, 4.0 ஆகும். சர்க்யூட் போர்டில் காடி வெட்டிப் பாதையை நீட்டுகிறவர்கள் கவனிக்க: மாசுநிலை 2-இல் 1 மி.மீ.க்குக் குறைவான காடியின் உள்சுற்றைக் கணக்கில் சேர்க்க முடியாது. அதை நேர்கோடாகத் தாண்டியே அளக்க வேண்டும்.

பழுது நீக்கத்தில் உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. தூசியும் பிளக்ஸ் (பற்றவைப்புப் பசை) மிச்சமும் மட்டும் என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, முழுக்க உலர்த்தி அளந்தால் போதும். கரித்தடம் விழுந்துவிட்டால் சுரண்டி வார்னிஷ் அடிப்பதை இச்செயலாளர் ஏற்கவில்லை. கரி உள்ளே எவ்வளவு இறங்கியது என்று கண்ணால் சொல்ல முடியாது. பாகத்தை மாற்றுவதே முறை. மாற்றும்போது ஈரம் எந்த வழியாக வந்தது என்று பார்த்து அடைக்காவிட்டால் புதியதும் அதே கதிதான்.

வரும் ஆண்டுக்கு, மாதிரியைச் சாய்த்து வைத்து டிராக்கிங் எதிர்ப்பைப் பார்க்கும் ஐ.இ.சி. 60587 சாய்தளச் சோதனை முன்மொழியப்படுகிறது. 45 டிகிரி சாய்வு, 50 மி.மீ. மின்முனை இடைவெளி, 6 மணி நேரம். மின்னழுத்தம் 4.5 கிலோவோல்ட் வரை போவதால், கதவைத் திறந்தால் மின்சாரம் அறும் இன்டர்லாக் உள்ள கூண்டு தயாரான பிறகே தொடங்கலாம். மாதிரி தர விரும்புவோர் 50-க்கு 120 மி.மீ., 6 மி.மீ. தடிமனில் வெட்டி, பொருளின் பெயரும் நிரப்பியின் விவரமும் எழுதிக் கொடுக்கவும்.